சப்ளிமேஷன் தொழிலுக்கு மெஷின் வாங்கும்போது: ஹீட் பிரஸ்ஸைப் பார்த்து வாங்குங்கள்

பேப்பரில் எடுத்த படத்தைச் சூட்டில் அழுத்தி மக்கிலும் துணியிலும் ஏற்றுவதுதான் சப்ளிமேஷன். இந்தத் தொழில் தொடங்க நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த பிரிண்டர் வாங்கலாம்?" என்றுதான். ஈரோட்டில் மக், டீஷர்ட், கபடி டீம் ஜெர்சி என்று சில வருடங்களாக இதே வேலையில் இருக்கிறேன். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: பிரிண்டருக்கு அளவாகச் செலவழியுங்கள், சூட்டோடு அழுத்தும் ஹீட் பிரஸ்ஸில் மட்டும் கை சுருக்காதீர்கள்.

பிரிண்டர் செய்வது பேப்பரில் மையை வைக்கிற வேலை மட்டும். பேப்பரில் பார்த்தால் படம் வெளிறிப்போய்த்தான் இருக்கும். 190, 200 டிகிரி சூட்டில் அந்த மை ஆவியாகி பாலியஸ்டர் இழைக்குள் இறங்கும்போதுதான் நிறம் எழுகிறது. ஆக, அசல் பிரிண்டிங் நடப்பது பிரஸ்ஸுக்கு அடியில். பிளேட் தோசைக்கல் மாதிரி நடுவில் ஒரு சூடு, ஓரத்தில் ஒரு சூடு என்று இருந்தால் எவ்வளவு நல்ல பிரிண்டர் வைத்திருந்தும் பயன் இல்லை. நான் பார்த்த ஒரு மலிவு மெஷினில் டிஸ்ப்ளே 200 காட்டும். ஓரம் 180-ஐத் தொடாது. ஜெர்சியின் நடுவில் கறுப்பு பளிச்சென்று இருக்கும், தோள்பட்டைப் பக்கம் சாம்பல் அடிக்கும்.

வாங்கும் முன் கடையிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். சப்ளிமேஷன் மையில் ஐந்து ஏ3 பேப்பர் முழுக்க ஒரே கறுப்பாக பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய், வெள்ளை பாலியஸ்டர் துணியில் வைத்து அழுத்தச் சொல்லுங்கள். பிளேட்டின் நடுவில் ஒரு முறை, நான்கு மூலையிலும் ஒவ்வொரு முறை. சூடு போதாத இடம் வெளிறும், மிஞ்சிய இடம் பழுப்பேறும். அழுத்தம் ஒரு பக்கம் குறைவாக இருந்தாலும் இதிலேயே தெரிந்துவிடும். இதைச் செய்துகாட்டத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.

ஐந்து வேலை, எட்டு வேலை செய்யும் காம்போ மெஷின்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். 16×24 இன்ச் ஃபிளாட் பிரஸ் ஒன்று, தனி மக் பிரஸ் ஒன்று போதும். மக் வேக மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் இந்தப் பக்கம் இரண்டு டீஷர்ட் முடிந்துவிடும். காம்போவில் இது நடக்காது. பாகத்தைக் கழற்றி மாட்டி, மறுபடி சூடேறக் காத்திருந்தே பாதி நாள் போய்விடும். மக் பிரஸ்ஸில் சுற்றிப் பிடிக்கும் ஹீட்டர் தேயக்கூடிய பொருள். உதிரி ஒன்று கையில் இருக்கட்டும். அது எரிந்துபோவது பெரும்பாலும் ரிட்டர்ன் கிஃப்ட் ஆர்டர் நடுவில்தான்! பெரிய பிரஸ் 2,000 வாட் அளவுக்கு இழுக்கும். அதற்குத் தனி லைன், 16 ஆம்பியர் பிளக் போட்டுவிடுங்கள்.

சரி, பிரிண்டர். தலைப்பகுதியில் சூடாக்கி மையைத் தெறிக்கவிடும் வகை இன்க்ஜெட்டுகள் இந்த மைக்கு ஒத்துவராது. சூடாக்காமல், மின்சாரத்தில் அசையும் பாகத்தால் மையைத் தள்ளும் பீசோ ஹெட் வேண்டும். அதனால்தான் இந்தத் தொழிலில் எல்லோர் கையிலும் எப்சன். என்னிடம் ஃபோட்டோ மக்குக்கு ஆறு நிற எல்805, ஜெர்சி முதுகு நம்பருக்கு ஏ3+ அளவு எல்1300 இருக்கின்றன. இப்போது வாங்குபவர்கள் எல்8050, எல்18050 பார்க்கலாம். பெட்டியோடு வரும் ஒரிஜினல் மையை டேங்கில் ஊற்றாமல், நேராக சப்ளிமேஷன் மையில் தொடங்க வேண்டும். வாரண்டி போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அந்தத் தலைவலி வேண்டாம் என்றால், எப்சனே சப்ளிமேஷனுக்கென்று தயாரிக்கும் எஃப்130 இருக்கிறது, ஏ4 அளவுதான்.

எந்த பிரிண்டரானாலும் தினமும் ஓட வேண்டும். காலையில் கடை திறந்ததும் ஒரு நாசில் செக், அதாவது மைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பார்க்க கோடு கோடாக எடுக்கும் சோதனை பிரிண்ட். மஞ்சள் கோடு வெள்ளைத் தாளில் சரியாகவே தெரியாது, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். அதில் நாலு கோடு விட்டிருந்தால் கல்யாண ஃபோட்டோவில் முகமெல்லாம் ரோஸ் நிறமாகிவிடும். பொங்கல், தீபாவளி லீவிலும் யாராவது வந்து ஒரு கலர் பக்கம் எடுத்துவிட்டுப் போவது நல்லது. அப்புறம், பிரிண்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் கட்டாயம். பிரிண்ட் ஓடும்போது கரண்ட் போனால் ஹெட் மூடிக்குத் திரும்பாமல் நடுவழியில் நின்று காய்ந்துவிடும். ஹீட் பிரஸ்ஸை மட்டும் அந்த யுபிஎஸ்ஸில் கொடுக்காதீர்கள்.

மழைக்காலத்தில் பேப்பர் ஈரம் வாங்கும். கவரை ஒட்டி வைப்பதோடு, துணியையும் பேப்பர் வைக்கும் முன் ஐந்து நொடி வெறுமனே அழுத்தி ஈரத்தை விரட்டினால் திட்டுத் திட்டாக வராது. வெள்ளை ஜெர்சியில் சின்னச் சின்ன நீலப் புள்ளி வந்தால் மையைச் சந்தேகிக்காதீர்கள், அது துணியில் ஒட்டியிருந்த பஞ்சு. பசை ரோலரால் ஒரு இழுப்பு இழுத்தால் தீர்ந்தது.

காட்டன் டீஷர்ட் கொண்டுவருபவர்களிடம் முடியாது என்று நேராகச் சொல்லிவிடுவேன். ஒரு சலவைக்கே சாயம் கழன்றுவிடும். கழுத்திலிருந்து கைவரை முழுக்க டிசைன் கேட்கும் டீம்களின் வேலையைத் திருப்பூரில் ரோல் பிரிண்டர் வைத்திருப்பவர்களிடம் ஜாப் ஒர்க்காகக் கொடுக்கிறேன். வெட்டிய துணியாகப் போய், பிரிண்ட் ஆகி வந்து, இங்கே தைக்கிறோம். அந்தப் பெரிய மெஷினை நாமே வாங்க, மாதம் முழுக்க ஜெர்சி ஆர்டர் இருந்தால்தான் கட்டும். எங்களுக்கு டோர்னமென்ட் சீசனில் மட்டும்தான் அவ்வளவு வேலை.