டிக்கெட் கட்டைக் கையில் திணித்து மேடை தருபவர்களிடம் உஷாராக இருங்கள்

மாணவர் இசைக்குழுக்களை, அதாவது பேண்டுகளை, தேடிப் பிடித்து, "மேடை நாங்கள் தருகிறோம், விளம்பரத்தையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும், நிகழ்ச்சி நடத்தும் ஆர்கனைசர்கள் இப்போது நிறையப் பேர். அப்படி ஒருவரிடம் எங்கள் பேண்டு பட்டதை எழுதுகிறேன். அவர் பெயரைப் போடவில்லை. ஆள் வேறாக இருந்தாலும் ஏமாற்றும் முறை இதேதான்.

கட்டணம் எதுவும் வேண்டாம், 40 டிக்கெட் மட்டும் விற்றுக் கொடுங்கள் என்றார். அரை மணி நேரம் வாசிக்கலாம். நல்ல சவுண்ட் சிஸ்டம், வாசிப்பதற்கு முன் சத்தத்தைச் சரிபார்க்கும் சவுண்ட் செக், மூன்று கேமராவில் வீடியோ, சமூக வலைத்தளங்களில் காசு கட்டி விளம்பரம், எல்லாம் அவர் பொறுப்பு. விற்காத டிக்கெட்டுக்கு பேண்டுதான் பணம் கட்ட வேண்டும் என்பதை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்.

அந்த ஒரு வரியில்தான் அவருடைய மொத்த வியாபாரமும் இருக்கிறது. போஸ்டர் வந்தபோது அதில் 11 பேண்டுகளின் பெயர். ஆளுக்கு 40 என்றால் 440 டிக்கெட். அரங்கில் 250 பேருக்குத்தான் இடம் என்று அந்த அரங்கின் மேலாளரே பிறகு எங்களிடம் சொன்னார். அத்தனை பேரும் வந்துவிட்டால் நிற்கக்கூட இடம் இருக்காது. ஆனால் வரமாட்டார்கள் என்று ஆர்கனைசருக்கு நன்றாகவே தெரியும். விற்காத டிக்கெட்டின் பணம் எங்கள் பாக்கெட்டிலிருந்து போகும். அதாவது, கதவு திறப்பதற்கு முன்பே அவருக்கு வர வேண்டியது வந்துவிட்டது. கூட்டம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, சவுண்ட் எப்படி இருந்தால் அவருக்கென்ன? இதற்கு 'பே டு பிளே', அதாவது 'காசு கொடுத்து வாசி' என்று பெயர். 1980களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் சன்செட் ஸ்ட்ரிப் என்ற சாலையில் இருந்த இசை கிளப்புகளில் பேண்டுகளிடம் பணம் கறந்தது இதே வழியில்தான். பழைய தந்திரம், புதிய பிள்ளைகள்.

நேரக் கணக்கும் அப்படியே. 11 பேண்டுக்கு அரை மணி வீதம் ஐந்தரை மணி நேரம். ஒரு பேண்டு இறங்கி அடுத்தது ஏற, டிரம்ஸை நகர்த்தி ஒயர் மாற்ற, குறைந்தது கால் மணி நேரமாவது ஆகும். பத்து முறை மாற்றினால் இன்னும் இரண்டரை மணி. மொத்தம் எட்டு மணி நேரம். அவர் அறிவித்திருந்ததோ ஐந்து மணி நேர நிகழ்ச்சி! ஒவ்வொரு பேண்டுக்கும் அரை மணி என்று சத்தியம் செய்தபோதே அது நடக்காது என்பது அவருக்குத் தெரியும். ஏழு பாட்டு தயார் செய்து போன எங்களுக்கு மூன்றோடு மைக்கை அணைத்துவிட்டார்கள்.

விளம்பரம் என்று அவர் செய்தது அந்த ஒரு போஸ்டர்தான். அதிலும் அவருடைய நிகழ்ச்சிப் பெயர் பெரிதாக மேலே, பேண்டுகளின் பெயர்கள் அடியில் எறும்பு வரிசையாக. காசு கட்டி விளம்பரம் ஓடுகிறது என்று கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தார். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் ஓடும் விளம்பரங்களை யார் வேண்டுமானாலும் மெட்டாவின் ஆட் லைப்ரரியில் தேடிப் பார்க்கலாம், காசு தேவையில்லை. நாங்கள் பார்த்தோம். அவருடைய பக்கத்தின் பெயரில் ஒரு விளம்பரம்கூட ஓடவில்லை. ஓடி முடிந்த சாதாரண விளம்பரங்கள் பெரும்பாலும் அங்கே காட்டப்படுவதில்லை, அதனால் நிகழ்ச்சிக்கு முன்பே தேடிவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. வந்தவர்கள் எல்லோரும் ஏதாவதொரு பேண்டின் நண்பர்கள். தங்கள் பேண்டு வாசித்து முடித்ததும் அவர்களோடு சேர்ந்து வெளியே போய்விட்டார்கள். எங்களை முதன்முறையாகக் கேட்டவர் என்று அங்கே யாருமே இல்லை. புதிய காதுகளுக்குப் போய்ச் சேரத்தானே மேடை ஏறுகிறோம்? எங்கள் வகுப்பு நண்பர்களுக்கு வாசித்துக் காட்ட எங்கள் ரிகர்சல் அறையே போதுமே.

அப்புறம் சவுண்ட். யார் எங்கே நிற்பார்கள் என்ற மேடை வரைபடத்தையும், எந்த மைக்கும் வாத்தியமும் எந்த இணைப்பில் செருகப்படும் என்ற சேனல் பட்டியலையும் முன்கூட்டியே அனுப்பியிருந்தோம். டிரம்ஸுக்கு நான்கு மைக், பேஸ் ஒன்று, கிட்டார் இரண்டு, ஸ்டீரியோ கீபோர்டுக்கு இரண்டு, பாடுவதற்கு மூன்று, ஆக 12 சேனல். அங்கே மேஜையில் இருந்தது, எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கலக்கும் மிக்சர், அதுவும் ஒரு சின்ன 8 சேனல் மிக்சர். இந்த மாதிரி மிக்சரில் 8 என்று எழுதியிருந்தாலும் கேபிள் செருகும் துளைகளைப் பாருங்கள். மைக் கேபிள் செருகும் எக்ஸ்எல்ஆர் துளை பல மாடல்களில் நான்குதான் இருக்கும், மீதி கீபோர்டு மாதிரிக் கருவிகளைச் செருகும் லைன் இன்புட், மைக்குக்கு உதவாது. டிரம்ஸுக்கு மைக்கே இல்லை. கீபோர்டை மிக்சரோடு சரியாக இணைக்கும் டிஐ பாக்ஸ் இல்லாமல் ஒரு பழைய கிட்டார் ஆம்பில் செருகச் சொன்னார்கள். கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கரில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல், அதாவது கூர்மையான உயர் ஓசைகள், சட்டென்று மங்கிவிடும். எங்கள் கீபோர்டுக்காரி மாதக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கிய மணியோசை, போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் வந்தது. வாசிப்பவர்களுக்கே தங்கள் சத்தம் கேட்க வைக்கும் ஸ்பீக்கரான மேடை மானிட்டர் ஒன்றே ஒன்று, அதுவும் பாடகருக்கு எதிர்ப்பக்கம் திரும்பி. தன் குரலே காதில் விழாமல் அவன் கத்திக் கத்தி இரண்டாவது பாட்டிலேயே தொண்டை கட்டிப்போனான்.

சவுண்ட் செக் நடக்கவே இல்லை. கடைசியில் வாசிப்பவர்களுக்கு முதலில் செக் செய்து, முதல் பேண்டின் செட்டப்பை அப்படியே மேடையில் விட்டுத் தொடங்குவதுதான் வழக்கம். 11 பேண்டுக்கு அது முடியாது என்பது சரி. ஒவ்வொரு சேனலிலும் சத்தம் வருகிறதா என்று பார்க்கும் லைன் செக் கூடவா செய்யக்கூடாது?

வீடியோ இன்னும் அவரிடமேதான் இருக்கிறது. கேட்டால் எடிட்டிங்குக்குத் தனிப் பணமாம். பதிவு முழுவதும் நிகழ்ச்சி நடத்துபவருக்கே சொந்தம் என்று படிவத்தில் ஒரு வரி இருக்கிறது, அதைக் காட்டுகிறார். அந்தப் படிவத்தை எங்களிடம் நீட்டியது மேடை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்பு, கையில் வாத்தியத்தோடு நிற்கும்போது.

உங்கள் பேண்டை யாராவது இப்படி அழைத்தால், எத்தனை பேண்டு, எத்தனை மணிக்கு யார், அரங்கில் எத்தனை பேருக்கு இடம் என்பதை எழுத்தில் கேளுங்கள். விற்காத டிக்கெட்டைத் திருப்பித் தரலாம் என்று எழுதித் தராவிட்டால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். நல்ல ஆர்கனைசர் டிக்கெட் வசூலில் பங்கு பேசுவார், ஆள் வராவிட்டால் தன் பணமும் போகும் என்று ஓடி ஓடி விளம்பரம் செய்வார். மிக்சரின் மாடல் என்ன, மானிட்டர் எத்தனை என்று கேட்டாலே பாதி உண்மை தெரிந்துவிடும். எங்கள் ஆள் "அதெல்லாம் சவுண்ட்காரர் பார்த்துக்கொள்வார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். முன்பு அவரிடம் வாசித்தவர்களிடமும் பேசுங்கள். அவர் கொடுக்கும் நம்பர்கள் வேண்டாம், அவருடைய பழைய போஸ்டர்களின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பேண்டுகளை நீங்களே தேடிப் பிடித்துக் கேளுங்கள். நாங்கள் பிறகு அப்படித் தேடிப் பேசிய எல்லோருக்கும் எங்களுக்கு நடந்ததேதான் நடந்திருக்கிறது.