பத்து கியரும் ஓர் இடியும்

டீசல் பிக்கப் வாங்க நினைக்கும் நண்பர் ஒருவர், பத்து கியர் ஆட்டோமேட்டிக் எப்படி என்று என்னிடம் கேட்டார். கேட்ட நாள்தான் சரியில்லை. அன்று மாலை என் பத்து கியர் வண்டியை மூன்றாவது முறையாகப் பட்டறையிலிருந்து ஓட்டி வந்திருந்தேன்.

சிக்னலை நெருங்கும்போது வேகம் பத்து மைலுக்குக் கீழே இறங்கும். நிற்கப்போகும் கடைசி நொடியில், பின்னால் யாரோ மோதியதுபோல ஓர் இடி. புதிதில் இரண்டு முறை இறங்கிப்போய் பம்பரைத் தடவிப் பார்த்திருக்கிறேன். மூடியில்லாத காப்பிக் குவளையோடு என் மனைவி இந்த வண்டியில் ஏறி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பட்டறையில் முதல் முறை எண்ணெய் மாற்றினார்கள். அடுத்த முறை மென்பொருளைப் புதுப்பித்து, கியர்பெட்டி என் ஓட்டத்திலிருந்து அதுவரை கற்றுவைத்திருந்ததை அழித்தார்கள். இரண்டு வாரம் அது எல்கேஜி பிள்ளை போலத் தடுமாறியது. இந்த முறை, "இதன் குணமே அப்படித்தான்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். குணமாம்!

முதல் கியரின் விகிதம் 4.5-க்கு மேல்; அதாவது எஞ்சின் நாலரைச் சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் கியர்பெட்டியிலிருந்து ஒரு சுற்று வெளியே வரும். அந்தக் கியருக்குள் இறங்கும்போதுதான் இடிக்கிறது என்பது என் சந்தேகம். ஆனால் நான்கு டன் ட்ரெய்லரை மேட்டில் நின்ற இடத்திலிருந்து நோகாமல் கிளப்புவதும் அதே முதல் கியர்தான். திட்டவும் முடியவில்லை.

அமெரிக்காவின் கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்துக்காக 11,000 அடிக்கு மேல் ஏறுகிறது. என் பழைய ஆறு கியர் வண்டி அங்கே ஒரு கியரில் மூச்சு வாங்கும், அடுத்ததற்கு இறங்கினால் அலறும். டீசலின் பலமெல்லாம் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,600 முதல் 2,800 சுற்றுக்குள் சுற்றும்போது அடக்கம்; கியருக்கும் கியருக்கும் இடையிலான படிகள் அகலமாக இருந்தால் அதைவிட்டு வெளியே விழ வேண்டியதுதான். புதியதில் படிகள் நெருக்கம். எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் இருநூறு, முந்நூறு சுற்று நகர்வதோடு சரி, பேச்சுக்கூடத் தடைபடுவதில்லை.

இறக்கம் இன்னும் அழகு. சுரங்கம் தாண்டி சில்வர்தோர்ன் என்ற ஊர் வரை ஏழு சதவீதச் சரிவு. பிரேக் இழந்த லாரிகள் ஏறி நிற்க ஓரத்தில் சரளை மேடுகள் போட்டிருக்கிறார்கள். முன்னே போகும் லாரிகளின் பிரேக் கருகும் வாடை கண்ணாடியை ஏற்றினாலும் உள்ளே வரும். நான் ட்ரெய்லர் இழுப்பதற்கான இழுவை முறையையும், புகை வெளியேறுவதைத் தடுத்து எஞ்சினைக்கொண்டே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கையும் போட்டுவிட்டு, பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் அடிவாரம் வரை வந்திருக்கிறேன். கியர்கள் ஒவ்வொன்றாகத் தாமே இறங்கி வண்டியைப் பிடித்துக்கொண்டன.

அப்புறம் அடிவாரத்தில் முதல் சிக்னல். டக்!

நண்பரிடம், வாங்காதீர்கள், நல்ல ஆறு கியர் வண்டியாகப் பழையதில் தேடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் உங்களுடையதைக் குறைந்த விலைக்குக் கொடுங்களேன் என்றார். ஆகஸ்டில் மலைக்குப் போகிறோம், அதெல்லாம் முடியாது என்றேன்.