பரம்பரை பாராதைராய்டு ஆபரேஷன்: எப்போது செய்தால் பலன், எந்த மையத்தை நம்பலாம்

"ஒரு சுரப்பியில் கட்டி இருக்கிறது, எடுத்துவிட்டால் முடிந்தது, மறுநாள் வீட்டுக்குப் போகலாம்." கழுத்தில் இருந்து ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் நான்கு சிறு சுரப்பிகளான பாராதைராய்டின் ஆபரேஷனைப் பல மையங்கள் இப்படித்தான் விளக்குகின்றன. இந்தச் சுரப்பிகள் மிகையாக வேலை செய்து கால்சியத்தை ஏற்றும் நோய் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் தனியாக வந்தால் பெரும்பாலும் அது சரி. குடும்பத்தில் ஓடும் நோய்க்கு அந்த அணுகுமுறை உதவாது. அப்படிப்பட்ட குடும்பத்தினர் இந்தச் சிகிச்சையை எதை வைத்து எடைபோடலாம் என்பதே இங்கே பேச்சு.

தேதி குறிக்கும் முன் மரபணுப் பரிசோதனை கேட்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இளம் வயதில் கால்சியம் கூடியிருந்தாலோ, ஒன்றுக்கு மேல் சுரப்பி வீங்கியிருந்தாலோ, வீட்டில் வேறு யாருக்காவது பிட்யூட்டரி, கணையக் கட்டி இருந்தாலோ இது கட்டாயம். எம்இஎன்-1 (பல ஹார்மோன் சுரப்பிகளில் கட்டி வரும் பரம்பரை நோய்) என்றால் நான்கு சுரப்பிகளும் பாதிக்கப்பட்டவை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். எம்இஎன்-2ஏ (தைராய்டு, அட்ரீனலிலும் கட்டி வரும் பரம்பரை நோய்) என்றால் நோய் பொதுவாக மிதமானது, பெரிதானவற்றை மட்டும் எடுத்தால் போதும். ஆனால் மயக்க மருந்துக்கு முன்பே சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற, ரத்த அழுத்தத்தை ஏற்றும் கட்டி இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். அதைத் தவறவிட்டால் மேசையிலேயே ரத்த அழுத்தம் எகிறி உயிருக்கே ஆபத்தாகும். சிடிசி73 மரபணுக் கோளாறில் பாராதைராய்டு புற்றுநோய்க்கு வாய்ப்பு அதிகம், அங்கே காத்திருப்பதில் அர்த்தமில்லை. சுரப்பியின் உறை கிழியாமல் முழுதாக எடுக்க வேண்டும். குடும்பவழியாக வரும், சிறுநீரில் கால்சியம் குறைந்த வகைக்கோ ஆபரேஷனே பெரும்பாலும் வேண்டாம், செய்தாலும் கால்சியம் இறங்காது. சிறுநீரில் கால்சியம், கிரியாட்டினின் (தசைக் கழிவு) வெளியேற்ற விகிதம் 0.01-க்குக் கீழே வந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் கத்தி எடுக்கும் மையத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

சிக்கலெல்லாம் எம்இஎன்-1-இல்தான். 50 வயதுக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் பாராதைராய்டு நோய் வந்துவிடும், பலருக்கு 20-களிலேயே ரத்தத்தில் தெரியும். தனியாக வரும் நோயில் "50 வயதுக்குக் கீழ்" என்பதே ஆபரேஷனுக்கு ஒரு காரணம். அதை அப்படியே இங்கே பொருத்தினால் கால்சியம் சற்று ஏறிய உடனே எல்லோரும் மேசைக்குப் போக வேண்டியதுதான். இளவயதில் சுரப்பிகள் சிறிதாக இருக்கும், நான்கையும் தேடிப் பிடிப்பது கடினம். எடுத்த பிறகும் நோயின் விதை மீதியில் இருப்பதால் பல வருடம் கழித்து மறுபடி வரும். இரண்டாம் முறை தழும்புக்குள் தேடும்போது குரல் நரம்புக்கு ஆபத்து கூடுகிறது. ஆகவே இந்த ஆபரேஷன் நோயை ஒழிப்பதில்லை, நல்ல வருடங்களைத் தருகிறது. அந்த வருடங்கள் எங்கே அதிகம் தேவையோ அங்கே செலவழிக்க வேண்டும்.

எங்கள் கணிப்பில் தள்ளிப்போடக் கூடாத நிலைகள் இவை: கால்சியம் இயல்பு உச்சத்தைவிட 1 மி.கி. கூடுதல் (ஒரு டெசிலிட்டருக்கு), சிறுநீரகக் கல் அல்லது சுண்ணாம்புப் படிவு, எலும்பு அடர்த்தி வயதுக்கு மீறிக் குறைதல், இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறன்) 60-க்குக் கீழே. கூடவே கேஸ்ட்ரினோமா (வயிற்று அமிலத்தைத் தூண்டும் கேஸ்ட்ரின் ஹார்மோனைச் சுரக்கும் கட்டி) இருந்தால் தராசு ஆபரேஷன் பக்கமே சாயும், ஏனெனில் கால்சியம் இறங்கும்போது கேஸ்ட்ரினும் வயிற்று அமிலமும் குறைகின்றன. கர்ப்பம் திட்டமிடுபவர்கள் அதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. இவை ஏதும் இல்லை, கால்சியம் சற்றே ஏறியிருக்கிறது என்றால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், அவ்வப்போது எலும்பு, சிறுநீரக ஸ்கேன் என்று காத்திருப்பது சோம்பல் அல்ல, அதுவும் சிகிச்சைதான். பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு ஓரிரு நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சில கருவிகளில் பிடிஎச் (பாராதைராய்டு ஹார்மோன்) அளவு பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

ஸ்கேனை நம்பி முடிவெடுக்கும் மையங்களுக்குக் குறைந்த மதிப்பெண்தான். செஸ்டாமிபி ஸ்கேன் (மிகையாக வேலை செய்யும் சுரப்பியைக் காட்டும் கதிரியக்க ஸ்கேன்) பெரிய ஒன்றைக் காட்டிவிட்டு மற்ற மூன்றை மறைத்துவிடும். அதைப் பார்த்துச் சின்ன வெட்டில் ஒன்றை மட்டும் எடுத்தால் நோய் சீக்கிரம் திரும்புகிறது. மறு ஆபரேஷனுக்கு மட்டும் ஸ்கேன்கள் தவிர்க்க முடியாதவை.

எம்இஎன்-1-க்கு நாங்கள் பரிந்துரைப்பது மூன்றரைச் சுரப்பிகளை எடுக்கும் முறையை, கழுத்து வழியாகத் தைமஸையும் (மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள சுரப்பி) சேர்த்து. கூடுதல் சுரப்பிகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். நல்ல சர்ஜன் மீதி விடப்போகும் துண்டை முதலில் வடிவமைப்பார். இயல்பான சுரப்பி அளவுக்கு, சுமார் 50 மி.கி., ரத்த ஓட்டத்தோடு விட்டு, நிறம் மாறாமல் உயிரோடு இருக்கிறதா என்று சில நிமிடம் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றில் கை வைப்பார். வரிசை மாறினால், கடைசியாக விட்ட துண்டு கருத்துப்போக, ஆயுளுக்கும் கால்சியம் மாத்திரைதான். நான்கையும் எடுத்து முன்கைத் தசையில் நடும் முறையில் மறுமுறை கழுத்தைத் தொட வேண்டாம் என்ற வசதி உண்டு. ஆனால் நட்டது வேலை செய்யத் தொடங்க வாரங்கள் முதல் மாதங்கள் ஆகும், சிலருக்குத் தொடங்குவதே இல்லை.

மேசையிலேயே பிடிஎச் பார்க்கும் வசதி இருந்தால் நல்லது. 10 நிமிடத்தில் 50% இறங்கியது என்பதை மட்டும் வைத்து நிறுத்தக் கூடாது. பெரிய சுரப்பி ஒன்று போனாலே அவ்வளவு இறங்கும். இயல்பு எல்லைக்குள் வர வேண்டும்.

சினாகால்செட் மாத்திரை கால்சியத்தை இறக்கும், எலும்பைக் காப்பாற்றாது, பலருக்குக் குமட்டல். ஆபரேஷன் முடியாதவர்களுக்கும் காத்திருப்பவர்களுக்கும் பரவாயில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு 2 முதல் 4 நாளில் கால்சியம் அடிமட்டத்துக்குப் போகும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்துப்போனால் காத்திருக்காமல் ரத்தம் பார்க்க வேண்டும். மக்னீசியம் குறைவாக இருந்தால் எவ்வளவு கால்சியம் கொடுத்தும் ஏறாது. இதைத் தானாகவே சோதிக்கும் வார்டு அனுபவமுள்ளது. முன்கூட்டியே வைட்டமின் டி குறைவைச் சரிசெய்திருந்தால் இந்த நாட்கள் எளிதாகக் கழியும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஆபரேஷன் குறிப்பின் முழுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பக்கம், மேலா கீழா, எவ்வளவு விடப்பட்டது, கிளிப் எங்கே போடப்பட்டது, தைமஸ் எடுக்கப்பட்டதா என்று அதில் எழுதியிருக்க வேண்டும். 15 வருடம் கழித்து வேறொரு சர்ஜன் அதைப் படித்துத்தான் கத்தி வைக்கும் இடத்தை முடிவு செய்வார்.