இரண்டு போன், ஒரு லேப்டாப், அத்தையின் நோட்டு: நான்கு வருட வீட்டுக் கணக்கு

2021 செப்டம்பர் மாதக் கடைசியில் எங்கள் வீட்டுப் பணத்தில் ஏறக்குறைய 20,000 ரூபாய் எங்கே போனது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. திருடு போகவில்லை, பெரிதாக எதுவும் வாங்கவும் இல்லை. அன்றிலிருந்துதான் கணக்கு எழுத ஆரம்பித்தோம். என்னிடம் ஆண்ட்ராய்ட் போன், கணவரிடம் ஐபோன், வீட்டுக்குப் பொதுவாக ஒரு லேப்டாப். மாமியார் (நான் அத்தை என்று கூப்பிடுவேன்) கையில் ரொக்கமும் ஒரு நோட்டும்.

முதலில் வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸைப் படித்துத் தானே கணக்கு எழுதும் ஒரு ஆப்பைப் போட்டேன். பத்து நாள் நன்றாக இருந்தது. ஆனால் கணவர் போனில் அது வேலைக்கு ஆகாது, ஏனென்றால் ஐபோனில் வங்கி அனுப்பும் எஸ்எம்எஸ்ஸைக் கணக்கு ஆப்கள் படிக்க ஆப்பிள் விடுவதில்லை. ஆக, வீட்டுச் செலவில் பாதி கண்ணுக்கே வரவில்லை. வந்த பாதியிலும் பெயர்க் குழப்பம். சின்னக் கடைகளில் க்யூஆர் அட்டை பெரும்பாலும் கடைக்காரரின் சொந்தப் பெயரில் இருக்கும், சில இடத்தில் அவர் மனைவி பெயரில் இருக்கும். யாரோ ஒருவர் பெயருக்கு 340 ரூபாய் போயிருக்கிறது என்று மட்டும் தெரியும். அது மாவு அரைத்த கூலியா, கோழிக்கறியா, ரவிக்கை தைத்த காசா என்று மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் கொடுத்த எனக்கே நினைவிருக்காது.

2022 செப்டம்பரில் யூபிஐ லைட் வந்த பிறகு இது இன்னும் கஷ்டமாகிவிட்டது. பின் நம்பர் போடாமல் சின்னத் தொகையை அனுப்பும் வசதி அது, இப்போது ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை அனுப்பலாம், இருப்பு 5,000 வரை வைத்துக்கொள்ளலாம். டீ, பூ, பார்க்கிங் எல்லாம் எங்கள் வீட்டில் அதில்தான் போகிறது. வங்கிக் கணக்கில் பார்த்தால் லைட்டுக்கு 2,000 ஏற்றியதாக ஒரே ஒரு வரிதான் இருக்கும், அந்த 2,000 எப்படிக் கரைந்தது என்பது அங்கே இல்லை. அக்கவுன்ட் அக்ரிகேட்டர் வழியாக நம் சம்மதத்தோடு எல்லா வங்கிக் கணக்கையும் ஒரே இடத்தில் பார்க்கும் ஏற்பாடு 2021 செப்டம்பரிலிருந்தே இருக்கிறது. கடன் கேட்கப் போகிறவர்களுக்கு அது நல்ல உதவி. ஆனால் என்ன வாங்கினோம் என்பது அதிலும் வராது.

எஸ்எம்எஸ் ஆப் ஒத்துவராததால், லைட் வருவதற்கு முன்பே, 2022 பொங்கல் முடிந்ததும் கையால் எழுதுவது என்று முடிவு செய்து கூகுள் ஷீட்ஸ் என்ற இணைய அட்டவணைக்கு மாறினோம். ஒரு கூகுள் ஃபார்ம், அதை நிரப்பினால் ஷீட்டில் ஒரு வரியாக விழும். அதில் ஐந்தே கேள்விகள்: எவ்வளவு, என்ன வாங்கியது, எந்தத் தலைப்பு, யார் கொடுத்தது, எதிலிருந்து கொடுத்தது. அந்த ஃபார்மின் இணைப்பை இரண்டு போனிலும் முகப்பில் ஐகானாக வைத்துவிட்டோம். காசு கொடுத்த இடத்திலேயே நின்று எழுதிவிட வேண்டும், அரை நிமிடம்கூட ஆகாது. தேதியும் நேரமும் தானாக விழுந்துவிடும். லேப்டாப்பை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் திறப்போம், மொத்தத்தைப் பார்க்க.

ஆரம்பத்தில் தலைப்புகள் 27 வைத்திருந்தேன். கடை வாசலில் நின்றுகொண்டு 27-ல் ஒன்றைத் தேடுவது யாருக்கும் முடியாத காரியம், கணவர் எல்லாவற்றையும் ‘மற்றவை’யில் போட ஆரம்பித்துவிட்டார். இப்போது ஒன்பதுதான்: மளிகை, காய்கறி-பால், வெளிச்சாப்பாடு, வண்டி, மருத்துவம், படிப்பு, வீடு, மொய்-சீர், மற்றவை. மொய்க்குத் தனித் தலைப்பு கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். ஆவணி மாதம் அந்த ஒரு தலைப்பே எங்கள் மளிகையைத் தாண்டிவிடுகிறது. அதோடு யார் வீட்டுக்கு எந்த வருடம் எவ்வளவு எழுதினோம் என்று மண்டபத்தில் உட்கார்ந்தே போனில் தேடிப் பார்த்துக்கொள்ள முடிகிறது.

எங்களை ரொம்பக் குழப்பியது இரட்டைக் கணக்கு. 2022 பிப்ரவரிச் செலவு 61,000 என்று வந்தது, உண்மையில் 47,500-தான். கிரெடிட் கார்டில் வாங்கிய அன்று ஒரு தடவை எழுதியிருந்தோம், கார்டு பில்லைக் கட்டிய அன்று இன்னொரு தடவையும் எழுதியிருந்தோம். ஃபாஸ்டேக்கில் பணம் ஏற்றியதும் எழுதப்பட்டிருந்தது, சுங்கச்சாவடியில் பிடித்ததும் எழுதப்பட்டிருந்தது. கணவர் எனக்கு அனுப்பிய 10,000-மும் செலவாக உட்கார்ந்திருந்தது. இப்போது இந்த மூன்று விஷயத்திலும் பேசி வைத்த வழக்கம் உண்டு. கார்டென்றால் வாங்கிய நாளில் மட்டும், சுங்கம் என்றால் பிடித்த நாளில் மட்டும், எங்கள் இருவருக்குள் போய்வரும் பணத்தை எழுதுவதே இல்லை. ஆன்லைனில் வாங்கித் திருப்பி அனுப்பிய பொருளுக்குப் பணம் அடுத்த மாதம்தான் வந்தாலும், வாங்கிய தேதியிலேயே மைனஸ் போட்டு எழுதுகிறோம்.

மாதாமாதம் ஒப்பிட்டுப் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, வீட்டு வரி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, இன்சூரன்ஸ் வருடத்துக்கு ஒரு தடவை என்று வந்தால் ஒரு மாதத்தை அடுத்த மாதத்தோடு வைத்துப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? கடைசிப் பன்னிரண்டு மாதத்தைக் கூட்டி 12-ஆல் வகுத்து வரும் தொகைதான் எங்களுக்கு உபயோகமாக இருக்கிறது.

நடுவில் ஆறு மாதம் வேறு ஒரு வழியும் முயன்றேன். லேப்டாப்பில் ஒரு கணக்குக் கோப்பு, அதை இரண்டு போனுக்கும் நகலெடுத்து ஒத்திசைக்கும் ஒரு மென்பொருள். ஒரே இரவில் நாங்கள் இருவரும் அதைத் திறந்து எழுத, இரண்டு நகல் உருவாகி, தவறான நகலை அழித்ததில் 11 வரிகள் போயின. மறுபடி ஷீட்ஸுக்கே வந்தோம். அதில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுதலாம், பழைய நிலைக்குத் திரும்பவும் முடியும். மகள் போனில் விளையாடி ஒரு நெடுவரிசையையே அழித்தபோது இரண்டு நிமிடத்தில் மீட்டுவிட்டேன். சிக்னல் இல்லாத ஊரில் ஃபார்ம் போகாது, அதனால் முசிறிப் பக்கம் போகும்போது எங்கள் வாட்ஸ்அப்பில் எழுதி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து ஏற்றுகிறோம்.

வாங்கிய பொருட்களுக்கென்று அதே கோப்பில் இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். பொருள், தேதி, கடை, விலை, சீரியல் நம்பர், வாரண்டி முடியும் நாள், ரசீதின் போட்டோ. கடைகளில் தரும் வழவழ ரசீது வெப்பத்தில் அச்சாவது, அலமாரியில் வைத்திருந்தாலும் நாளாக நாளாக எழுத்து மங்கிப் போகும். 2024-ல் மிக்ஸி மோட்டார் நின்றபோது கையிலிருந்த ரசீது வெறும் வெள்ளைத் தாள். போட்டோவைக் காட்டியதும் காசு வாங்காமல் மாற்றித் தந்தார்கள். அதே தாளில் சந்தாக்களையும் எழுத ஆரம்பித்தபோதுதான், ஒரே ஓடிடிக்கு என் போனிலிருந்து கார்டு வழியாகவும் அவர் போனிலிருந்து ஆப் ஸ்டோர் வழியாகவும் எட்டு மாதமாகப் பணம் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. தனித்தனிப் போனில் பார்த்துக்கொண்டிருந்தவரை இருவருக்கும் அது சரியான செலவாகவே தெரிந்திருக்கிறது.

கோப்பு எங்கள் இரண்டு மின்னஞ்சலுக்கு மட்டும் பகிரப்பட்டிருக்கிறது, இணைப்பு உள்ள எவரும் திறக்கும்படி வைக்காதீர்கள். கார்டு நம்பர், பின் எதுவும் அதில் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் வைக்கிறேன். அமெரிக்காவில் எத்தனையோ பேர் வருடக்கணக்காகக் கணக்கு வைத்திருந்த மின்ட் என்ற ஆப்பையே 2024 மார்ச்சில் மூடிவிட்டார்கள். எந்த ஆப்பைப் பயன்படுத்தினாலும் நம் கணக்கை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

குறையும் சொல்ல வேண்டும். இத்தனை எழுதியும் மாதம் 500 முதல் 800 ரூபாய் வரை கணக்கில் வராமல் போகிறது. அதை ‘தெரியாதது’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறோம், அதைத் தேடி இரவு உட்கார்ந்து சண்டை போட்ட காலம் உண்டு, இப்போது இல்லை.

அத்தைக்கு மாதம் 6,000 கொடுக்கிறோம், காந்தி மார்க்கெட் காய்கறி, பூ, கீரை எல்லாம் அவர் பொறுப்பு. முதலில் ‘அத்தை 6,000’ என்று ஒரே வரியாக எழுதினேன். ஒருநாள் அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் எங்கள் ஷீட்டில் இல்லாத ஒன்று அதில் இருந்தது: ஒவ்வொரு வரியிலும் எடையும் விலையும். 2023 ஜூலைப் பக்கத்தில் தக்காளி கிலோ 120 என்று எழுதி, அடுத்த பத்து நாளுக்குத் தக்காளியே இல்லை, புளிதான். அதிலிருந்து ஞாயிறுதோறும் நோட்டைப் படம் எடுத்து வரி வரியாக ஏற்றுகிறேன்.

போன மாதம் அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. அதனால் என் போனில் ஃபார்மைத் திறந்து கொடுத்து, விசைப்பலகையில் இருக்கும் தமிழ்க் குரல் தட்டச்சில் சொல்லச் சொன்னேன். “கத்தரிக்காய் அரைக் கிலோ இருபத்தஞ்சு” என்றார், சரியாகவே விழுந்தது. “நல்லாத்தான் இருக்கும்மா, நீ போன்ல போட்டுக்க. நான் நோட்டுலயும் எழுதிக்கிறேன்” என்றார். இந்த வார நோட்டில் எழுத்து முன்பைவிடப் பெரிதாக இருக்கிறது, பக்கத்துக்கு எட்டு வரிதான்.