டிஆர்பி கோச்சிங்: பி.ஹெச்டி முடித்தவர்கள் பணம் கட்டும் முன்

மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம், செல்போன் கடைக்கு மேல்மாடியில் நடக்கும் சென்டர். பேர் வேண்டாம். டிஆர்பி, அதாவது ஆசிரியர் தேர்வு வாரியம், நடத்தும் கல்லூரி உதவிப் பேராசிரியர் தேர்வுக்குத் தனி பேட்ச், ஞாயிறு மட்டும், பீஸ் 18,000, இரண்டு தவணை. சுயநிதிக் கல்லூரியில் எனக்கு மாதம் 16,000தான் வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் கணக்கில் இதே வேலைக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 57,700! பேட்சில் பாதிப் பேர் முனைவர்கள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் எந்தக் கல்லூரியில் எத்தனை மாதச் சம்பளம் பாக்கி என்ற பேச்சுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நெட், செட் என்னும் உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வுகளுக்கு முதல் தாள் எடுக்கும் சார் அருமை. புள்ளிவிவர அட்டவணையைப் போர்டில் போட்டு, கால்குலேட்டர் இல்லாமல் சதவீதத்தை மடமடவென்று பிடிக்கச் சொல்லித்தருவார். செட் எழுதுபவர்கள் தாராளமாகச் சேரலாம். ஆனால் யுஜிசி விதிப்படி பி.ஹெச்டி முடித்தவருக்கு நெட், செட்டிலிருந்து விலக்கு உண்டே, நாங்கள் காசு கொடுத்தது பாடத்துக்கு. டிஆர்பி பேட்ச் என்று சேர்த்துவிட்டு, பாதி வகுப்பை செட் ஆட்களோடு உட்காரவைத்து ஓட்டுகிறார்கள்.

வேதியியல் மெட்டீரியலைப் பார்த்தால் சிரிப்பு வரும். பி.ஜி. டிஆர்பி புத்தகத்துக்குப் புது அட்டை, அவ்வளவுதான்; பள்ளி ஆசிரியர்களுக்கான கல்வி உளவியல் பகுதியைக்கூடக் கிழிக்கவில்லை. உயர்கல்விப் பாடத்தில் ‘2021 ஜூலை முதல் பல்கலைக்கழக உதவிப் பேராசிரியருக்கு பி.ஹெச்டி கட்டாயம்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அது தள்ளிப்போய், 2023 ஜூனில் நெட், செட் இருந்தாலே போதும் என்று யுஜிசி விதியையே மாற்றிவிட்டது. அந்தக் கட்டாயத்தை நம்பி ஆய்வில் சேர்ந்தவர்களுக்கே இதைப் பாடமாக விற்கிறார்கள், என்ன தைரியம் பாருங்கள். யுஜிசி 2025-ல் கைவிட்ட கேர் லிஸ்டுக்கும் (அங்கீகரித்த ஆய்விதழ்களின் பட்டியல்) மூன்று பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

வாசல் பிளெக்ஸில் 4,000 காலியிடம் என்று போட்டிருக்கிறது. 2024 மார்ச் அறிவிப்பு அது. தேர்வு தள்ளிப்போன கதையெல்லாம் பிளெக்ஸில் வராது.

சேர்ந்தே ஆகவேண்டும் என்றால் உங்கள் பாடத்துக்கு யார் வருகிறார், கல்லூரியில் வகுப்பெடுத்தவரா என்று கேட்டுவிட்டு, ஒரு டெமோ கிளாஸில் உட்கார்ந்து பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். பாடம் மட்டும் படிப்பதற்கு புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகமே போதும், போட்டித் தேர்வுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது, ஏசி வேறு.

ஐந்துக்கு இரண்டு கொடுப்பேன், அதுவும் முதல் தாள் சாருக்காக. இரண்டாம் தவணையை நான் கட்டவில்லை. போன் பண்ணிக் கேட்டால், “டெஸ்ட் பேட்ச் ஆரம்பிச்சாச்சு சார், அதுல வேணா சேர்ந்துக்கோங்க” என்கிறார்கள்.