இயந்திரமா, பையா? டயாலிசிஸ் செலவைக் கணக்குப் போடுவது எப்படி

சித்தப்பாவுக்குச் சிறுநீரகம் கைவிட்ட பிறகு முதல் ஐந்து மாதம் ஆஸ்பத்திரி இயந்திரத்தில்தான் டயாலிசிஸ் நடந்தது. அப்புறம்தான் வீட்டிலேயே செய்யும் முறைக்கு மாறினார். வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக 2 லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டு, அடுத்த பையை ஏற்றுவது. ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு பை. மாறும்போது வீட்டில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: எது மலிவு?

யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வயிற்றில் பழைய அறுவைச் சிகிச்சைகள் இருந்தாலே சிலருக்குப் பை சரிப்படாது. நான் பார்ப்பது இரண்டுமே சாத்தியம் என்றான பிறகு வரும் காசுக் கணக்கை.

கிரைண்டர் வாங்கி மாவு அரைப்பதற்கும் கடையில் பாக்கெட் மாவு வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. கிரைண்டருக்கு முதலிலேயே பணம் போட்டாக வேண்டும். தினமும் அரைத்தால் போட்ட பணம் ஈடாகிவிடும், மாதம் ஒருமுறை அரைத்தால் நஷ்டம். பாக்கெட்டில் அந்தக் கவலை இல்லை, ஆனால் நூறாவது பாக்கெட்டும் முதல் பாக்கெட் விலைதான். பாடப் புத்தகத்தில் இதற்கு மாறாச் செலவு, மாறும் செலவு என்று பெயர்.

ஆஸ்பத்திரி முறையில் மாறாச் செலவுதான் பெரிது. பலர் இயந்திரத்தின் விலையை மட்டும் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய தொகை ஆட்களுக்கும் தண்ணீருக்கும் போகிறது. ஒருவருக்கு நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் 4 மணி நேரம், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் திரவம் இயந்திரத்தில் ஓட வேண்டும். அதற்கே 120 லிட்டர் சுத்திகரித்த நீர். ஆர்.ஓ. கழித்துத் தள்ளும் தண்ணீர் தனி. அந்த ஆர்.ஓ. ஒரு நாள் மக்கர் செய்ததில் சித்தப்பா உட்பட அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போனார்கள்; டெக்னீஷியனுக்கு அன்றைக்கும் சம்பளம் உண்டு.

சின்னதாக ஒரு கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஐந்து இயந்திரம், மாதம் 26 நாள், ஒரே ஷிப்ட்: வருடத்துக்கு 1,560 தடவை. சம்பளம், வாடகை, பராமரிப்பு, தேய்மானம் சேர்த்து வருடம் 30 லட்சம். ஒவ்வொரு தடவையும் வடிகட்டி, ரத்தக் குழாய்கள், ஊசி, மருந்து என்று 700 ரூபாய். ஒரு தடவைக்கு அடக்கவிலை சுமார் 2,620 ரூபாய் வருகிறது. இதையே மூன்று ஷிப்ட் ஓட்டினால் ஆட்கள் கூடி 30 லட்சம் 42 லட்சமாகும். ஆனால் 4,680 தடவை நடக்கும்; அடக்கவிலை 1,600 ரூபாய்க்கு இறங்கிவிடும். இயந்திரமும் சிகிச்சையும் அதேதான், கட்டில் காலியாகக் கிடக்கவில்லை என்பதுதான் மாற்றம்.

ஏற்கெனவே ஓடுகிற ஷிப்டில் ஒரு கட்டில் காலி என்றால், இன்னொருவரைச் சேர்க்க ஆகும் கூடுதல் செலவு அந்த 700 மட்டுமே. இறுதிநிலைச் செலவு என்பது இதைத்தான். ஆனால் எல்லாக் கட்டிலும் நிரம்பிய பிறகு வருகிற ஒருவருக்காகப் புது ஷிப்டே தொடங்க வேண்டும். அந்த ஒருவரின் செலவு லட்சங்களில் தாவும். சராசரியை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் நிர்வாகம் இந்த இரண்டு இடத்திலும் தவறும்.

இனி பை. ஒன்று 250 ரூபாய் என்று வைத்தால், நாளுக்கு மூன்று வீதம் மாதம் 22,500. வாரம் மூன்று முறை, அதாவது மாதம் 13 தடவை இயந்திரத்துக்குப் போனால் ஒரே ஷிப்ட் மையத்தில் 34,100, மூன்று ஷிப்ட் மையத்தில் 20,800. ஆக, கூட்டம் உள்ள ஊரில் இயந்திரம் ஜெயிக்கிறது, கூட்டம் இல்லாத ஊரில் பை. நான்கு பை தேவைப்படுகிறவருக்கு 30,000 ஆகிவிடும், அப்போது கோடு நகரும்.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. நம் நாட்டில் பலர் பணம் இல்லாமல் வாரம் இரண்டு தடவையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மாதச் செலவு குறைந்த மாதிரி தெரியும். ஆனால் பை நாள் முழுக்க வேலை செய்கிறது. அதோடு இந்த அரைகுறைச் சிகிச்சையை ஒப்பிட்டு ‘இயந்திரம் மலிவு’ என்பது முக்கால் படியை ஒரு படி என்று அளப்பது போல.

சரி, இதெல்லாம் ஆஸ்பத்திரியின் ஏட்டில் உள்ள செலவு. வீட்டு ஏடு வேறு. காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்குக் காசு கேட்கவில்லை. ஆனால் 45 கிலோமீட்டர், இரண்டு பஸ். டவுன் பஸ்ஸில் சித்திக்கு டிக்கெட் இல்லை, சித்தப்பாவுக்கு உண்டு. அடுத்த பஸ்ஸில் இருவருக்கும் உண்டு. சாப்பாடு, சித்தி அன்று இழந்த தையல் கூலி எல்லாம் சேர்த்து நாளுக்கு 600. 13 நாளைக்கு 7,800. இதைச் சேர்த்தால் 20,800 என்பது 28,600 ஆகி, முடிவே புரண்டுவிடுகிறது. இந்த 7,800 எந்த பில்லிலும் இல்லை.

பையிலும் ஏட்டில் வராத செலவு இருக்கிறது. சுத்தம் தவறினால் வயிற்று உறையில் தொற்று. வடியும் திரவம் கலங்கலாக வந்தால் உடனே ஆஸ்பத்திரி. அந்த ஒரு அட்மிஷன் பல மாத மிச்சத்தைத் தின்றுவிடும். சித்தி பை மாற்றும்போது ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, முகக்கவசம் போட்டு, முழங்கை வரை கை கழுவுவார். வியர்த்துக் கொட்டும். ஒரு தடவைக்கு அரை மணி நேரம், நாளுக்கு மூன்று தடவை. இந்த உழைப்புக்குச் சம்பளம் கிடையாது என்பதால்தான் பை முறை அரசாங்கத்துக்கு மலிவாகத் தெரிகிறது என்பது என் சந்தேகம்.

பையின் விலை இறங்கவே இறங்காதா? வீட்டுக்குள் இறங்காது, தொழிற்சாலையில் இறங்கும். பைக்கும் மாறாச் செலவு உண்டு, அது நம் கண்ணுக்குத் தெரியாமல் தொழிற்சாலையில் இருக்கிறது. ஹாங்காங் 1985 முதல் பையையே முதல் தேர்வாக வைத்தது. தாய்லாந்து 2008-ல் அதே வழிக்கு வந்தது. நாடு முழுவதற்கும் ஒரே இடத்தில் பேசி வாங்கினால் விலையில் பேரம் பேச முடியும். தாய்லாந்து 2022-ல் தேர்வை நோயாளியிடம் விட்டதும் பலர் இயந்திரத்தின் பக்கம் போனார்கள். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

என்னைக் கேட்டால், மூன்று ஷிப்டும் நிரம்புகிற மையம் அரை மணி நேர தூரத்தில் இருந்தால் இயந்திரம். இல்லையென்றால், வீட்டில் கை கழுவ ஒழுங்கான குழாயும் பொறுமையான ஒரு ஆளும் இருந்தால் பை. சித்தப்பா இந்தக் கணக்கு எதையும் பார்க்கவில்லை. விடியற்காலை பஸ்ஸுக்கு நிற்க முடியவில்லை என்று மாறினார். இப்போது அட்டைப்பெட்டிகள் பீரோவை மறைத்து நிற்கின்றன. தையல் மெஷின் திண்ணைக்குப் போய்விட்டது.