முதல் ஏர் பிஸ்டலாக பைக்கால் 46எம்

முதல் பிஸ்டல் வாங்கும்போது கையிலிருக்கும் பணம் டிரிக்கருக்கும் கிரிப்புக்கும்தான் போக வேண்டும். காற்றழுத்தத்தால் சுடும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழக வருபவர்களிடம் நான் சலிக்காமல் சொல்வது இதைத்தான். இந்த இரண்டையும் குறைந்த விலையில் ஒழுங்காகத் தருகிறது என்று நான் மனதாரச் சொல்வது பைக்கால் ஐசெட்எச்-46எம். ரஷ்யாவின் இஷெவ்ஸ்கில் செய்யப்பட்டது. நான் சுடுவதும் அதில்தான், புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதில்தான்.

மலிவு என்றதும் பலர் கை வைப்பது நிஜத் துப்பாக்கி போலவே இருக்கும், கரியமில வாயுவால் சுடும் சிஓ2 பிஸ்டல்மேல். இரும்புக் குண்டு போட்டுச் சுடும் வகைகளில் குழலுக்குள், குண்டைச் சுழலவைத்து நேராக அனுப்பும் சுழல்வரி பெரும்பாலும் கிடையாது. 10 மீட்டர் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டமோ வெறும் 11.5 மி.மீ. அதைத் திரும்பத் திரும்பத் தொட இந்தக் குழலால் ஆகாது. போதாததற்கு, இரும்புக் குண்டு கெட்டியான இடத்தில் பட்டால் சுட்டவரை நோக்கியே தெறிக்கும். சாதாரண ஸ்பிரிங் பிஸ்டல் வேறு விதம். பெல்லட் என்கிற ஈயக் குண்டு குழலை விட்டுக் கிளம்பும் முன்பே உள்ளே பிஸ்டன் ஓடி மோதி, பிஸ்டலையே உலுக்கிவிடும். குறி தவறியது கையாலா, ஸ்பிரிங்காலா என்று பழகுபவருக்குப் பிடிபடாது.

46எம் வேலை செய்யும் விதம் எளிது. குழலுக்கு அடியிலிருக்கும் லீவரைக் கீழே இழுத்து முன்பக்கமாக முழுக்கத் திறந்து, திரும்ப மூட வேண்டும். அந்த ஒரே அழுத்தலில் காற்று அமுங்கி உள்ளே நின்றுவிடும். பின்மூடி திறந்திருக்கும், தட்டைத் தலை பெல்லட்டை விரலால் வைத்து மூடினால் தயார். சுடும்போது உதைப்பு என்று சொல்ல எதுவும் இல்லை. சிலிண்டர் வேண்டாம், பம்ப் வேண்டாம், காற்று நிரப்ப யாரையும் தேட வேண்டாம். போட்டியாளர்கள் வைத்திருக்கும், முன்கூட்டியே காற்று நிரப்பிச் சுடும் பிசிபி பிஸ்டல்களில் பெரும்பாலும் 200 பார் அழுத்தத்தில் நிரப்பும் சிலிண்டர் இருக்கும். சர்வதேசப் போட்டி விதிப்படி அதன் ஆயுள் அதிகபட்சம் 10 வருடம். பழைய பிசிபி ஒன்று மலிவாக வந்தால் முதலில் சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள். புதுச் சிலிண்டரின் விலையையும் சேர்த்தால் அந்த மலிவு பல சமயம் காணாமல் போய்விடும்.

டிரிக்கரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டு கட்ட டிரிக்கர். முதல் கட்டம் தளர்வாக வந்து ஓரிடத்தில் நிற்கும். அங்கிருந்து இன்னும் சற்று அழுத்தினால் சொல்லாமல் கொள்ளாமல் விடுபடும். ஏர் பிஸ்டல் போட்டியில் டிரிக்கர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். இதை அந்த அளவுக்கு அருகில் கொண்டுவர ஸ்குரூ இருக்கிறது. புதியவர்களுக்கு நான் சற்றுக் கனமாகவே வைத்துக் கொடுப்பேன். விரல் பழகட்டும், அப்புறம் குறைக்கலாம்.

அடுத்தது சைட், அதாவது குறிபார்க்கும் பாகம். இந்த பிஸ்டலின் நீளம் பார்க்க அழகில்லைதான், ஆனால் அந்த நீளத்தால் முன், பின் சைட்டுகளுக்கு நடுவே நல்ல இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளி 35 செ.மீ. என்று வையுங்கள். முன் சைட், பின் சைட்டில் உள்ள பள்ளத்தின் நடுவிலிருந்து ஒரே ஒரு மி.மீ. விலகினால், 10 மீட்டரில் பெல்லட் சுமார் 29 மி.மீ. தள்ளிப் படும். பத்துப் புள்ளி போய் ஏழு. இடைவெளி குறையக் குறைய இந்தத் தவறு இன்னும் பெரிதாகும். அதனால்தான் கண் முன் சைட்டிலேயே நிற்க வேண்டும், இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும் என்கிறோம். பெல்லட்டின் வேகமும் விநாடிக்கு 130 மீட்டர் வாக்கில்தான். அது குழலை விட்டுப் போகும்வரை கை அசையாமல் நிற்கப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தை இந்த பிஸ்டல் நன்றாகவே ஏற்படுத்துகிறது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுப் டிகெச் சாதாரணக் கண்ணாடியோடு நின்று, கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வென்றார். அந்தப் படத்தைக் காட்டி, ‘கருவி முக்கியமில்லை’ என்று வாதாடுபவர்கள் உண்டு. அவர் ஒதுக்கி வைத்தது தனி லென்ஸையும், குறிபார்க்காத கண்ணை மூடும் கண்மறைப்பையும். கையில் இருந்தது உயர்தரப் போட்டி பிஸ்டல்.

இது எல்லோருக்கும் பொருந்தாது. லீவரை மூட நல்ல பலம் வேண்டும், அதுவும் கடைசி அங்குலத்தில். போட்டியில் 60 ஷாட். ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை மூடியாக வேண்டும். நாற்பதைத் தாண்டும்போது சிறு பிள்ளைகளுக்குத் தோள் நடுங்கும். அவர்களுக்கு எடை குறைந்த வைராக் எச்டபிள்யூ 40 அல்லது கமோ காம்பாக்ட் நல்லது. அவையும் ஒரே அழுத்தலில் காற்றடைக்கும் ரகம்தான். டிரிக்கர் இந்த அளவுக்கு இருக்காது, ஆனால் தொடங்கப் போதும். 46எம்மின் மர கிரிப் பெரிய கைக்கு அளவெடுத்தது. உள்ளங்கை நிறையாவிட்டால் மரப்புட்டி அப்பி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம். பிஸ்டலைத் தூக்கிய பிறகு கண்ணை மூடித் திறங்கள். மணிக்கட்டை அசைக்காமலே சைட் நேராக இருந்தால் கிரிப் சரி. இடக்கைக்காரர்கள் தனி கிரிப்புக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

சில நாடுகளில் இது புதிதாக வருவதில்லை, செகண்ட் ஹேண்ட்தான் கிடைக்கும். அப்படி வாங்கினால், அமுங்கிய காற்று கசியாமல் அடைத்து நிற்கும் சீலைத்தான் பார்க்க வேண்டும். பிஸ்டலைத் தாங்குகட்டையில் வைத்து, ஒவ்வொரு முறையும் காற்றடைத்ததும் உடனே சுட்டு, சில ஷாட் போடுங்கள். பிறகு இன்னும் சில ஷாட், இந்த முறை காற்றடைத்து, குழலை இலக்கின் பக்கமே வைத்தபடி சில நிமிடம் காத்திருந்து சுடுங்கள். இரண்டாவது முறை சுட்டவை இலக்கில் முதல் ஷாட்டுகளுக்குக் கீழே விழுந்தால் காற்று கசிகிறது. சீல் மாற்றக்கூடியதுதான், உதிரிபாகம் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

உரிமம், வயது வரம்பெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும், பணம் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும், குழல் காலி என்று காட்டும் கொடிக்கயிறும் பிஸ்டலோடு சேர்த்தே வாங்குங்கள். பெல்லட் ஈயம், சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. பெல்லட்டில் தலை அளவு 4.49, 4.50 மி.மீ. என்று சிறு வித்தியாசத்தில் வரும். மொத்தமாக வாங்கும் முன் ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா சுட்டு, எது நெருக்கமாக விழுகிறதோ அதையே வாங்குங்கள்.